ஊரிலிருந்து வருவோர்க்கு

தேஹு ரோட்டில் வாழும் தமிழ்க் குடும்பம் எதுவாயினும், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையேனும் அதற்கு ஊரிலிருந்து ஒரு கேள்வி வந்து சேரும். “புனேக்கு வருகிறோம். எங்கே தங்கலாம், சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம், அங்கே வாங்கத் தக்கவை யாவை?” என்பது அக்கேள்வி. முன்னாளில் நீலநிற உள்நாட்டுக் கடிதத்தில் வந்தது. இன்று கைப்பேசியில் வருகிறது. கேள்வி மூன்றாகத் தோன்றினும் அதன் உட்பொருள் ஒன்றே. “உங்கள் வீட்டில் இடம் உண்டா?” என்று நேரே கேட்க நாவெழாத உறவினர், அதனை மூன்றாகப் பிரித்துக் கேட்கின்றனர். இது தெரிந்திருப்பதால்தான் நாமும் விடை எழுதுமுன் வீட்டாரோடு ஒருமுறைக்கு இருமுறை கலந்து பேச வேண்டியிருக்கிறது.

புனே நகரத்தின் நடுவில் தேஹு ரோடு இருப்பதாக ஊரார் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். படைக்கலத் தொழிற்சாலையும் கிடங்குகளும் அழைத்த அழைப்பில் நம் முன்னோர் வந்திறங்கிய இப்பாசறை ஊருக்கும் புனே சந்திப்புக்கும் இடையே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் உண்டு. லோனாவளாவிலிருந்து வரும் மின்சார வண்டியில் ஏறினால் ஆக்குர்டி, சிஞ்ச்வடு, பிம்பிரி, காசர்வாடி, தாபோடி, கட்கி, சிவாஜிநகர் என்று கடந்து முக்கால் மணி நேரத்தில் புனே சென்று சேரலாம். 1978-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தொடங்கிய இவ்வண்டிகளை நம்பியே நம்மில் பலருடைய வாழ்க்கை நடந்து வந்துள்ளது. காலையிலும் மாலையிலும் கால்வைக்க இடமிராது. நண்பகலிலோ வண்டிகள் அருகிவிடும். ஒன்றைத் தவறவிட்டால் நடைமேடை வேப்பமரத்து நிழலில் நெடுநேரம் அமர்ந்திருக்க வேண்டியதுதான்.

நம் பெற்றோர் காலத்தில் இக்கேள்விக்கு விடை ஒன்றே: “நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள்.” இரண்டே அறைகள் கொண்ட அரசுக் குடியிருப்பில் வந்தவர் எத்தனை பேராயினும் இடம் பிறந்தது. ஆண்கள் கூடத்திலும், பெண்கள் சமையலறையை ஒட்டிய அறையிலும், பிள்ளைகள் பக்கத்து வீட்டிலும் படுத்தனர். விடுதியில் தங்கவைத்தோம் என்ற சொல் ஊரில் பரவுமாயின் அதைவிடப் பெரிய இழுக்கு வேறில்லை. இப்பெருந்தன்மையைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆயினும் யாருக்கு எது வசதி என்று பாராமல், வழக்கம் என்பதற்காகவே அதனைப் பற்றிக்கொண்டிருப்பதால் விளையும் துன்பத்தையும் நாம் கண்டிருக்கிறோம்.

நம் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு மாமனார் கண் அறுவைக்காக வந்திருந்தார். எழுபதைக் கடந்தவர். மருத்துவமனை புனே நிலையத்துக்கு அருகில்; வீடோ தேஹு ரோட்டில். அறுவைக்கு முன் சோதனைகளுக்கு மூன்று நாள், பின் கட்டுப் பிரித்துப் பார்க்க, மருந்து மாற்ற என்று இன்னும் நான்கு நாள் போய்வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் விடியலில் எழுந்து, கூட்டத்தில் இடிபட்டு, திரும்புகையில் வண்டிக்குக் காத்து, பிற்பகல் சோர்ந்து வந்து விழுவார். மருமகனார் தம் விடுப்பையெல்லாம் கரைத்து உடன் அலைந்தார். அருகில் ஓர் அறை எடுக்கலாமே என்று அண்டை வீட்டார் சொன்னபோது மகள் அழுதேவிட்டாள். “எங்கப்பாவை லாட்ஜில போட்டேன்னு ஊரு பேசாதா?” என்பது அவள் அச்சம். முடிவில் முதியவரே வாய்திறந்தார். “மாப்பிள்ளை, உங்க கவனிப்புல ஒரு குறையும் இல்லை. அந்த ரயிலுதான் என்னால முடியல. ஆசுபத்திரிப் பக்கத்துல ஒரு ரூம் பாருங்க. ஊருல கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.” அன்று மாலையே அறை பார்த்தாயிற்று. இரவுச் சோறு மட்டும் தேஹு ரோட்டிலிருந்து தூக்குச் சட்டியில் நாள்தோறும் சென்றது. குடியிருப்பில் முறைவைத்து நாமும் இரு நாள் எடுத்துச் சென்றோம். முதியவர் முகத்தில் வந்த தெளிவை அப்போது கண்டோம்.

அதன்பின் நம் வீட்டில் கைக்கொண்ட நெறி இது. நம்மைக் காண வருவோர்க்கு நம் வீடு. நகரத்தில் அலுவலோ மருத்துவமோ உடையோர்க்கு நகரத்தில் அறை. எங்கே தங்கினும் ஒருவேளைச் சோறு நம் அடுப்பிலிருந்து. மருத்துவத்துக்கு வருவோரில் பெரும்பகுதியினர் சாசூன் பொது மருத்துவமனை, ரூபி ஹால், ராஸ்தா பேட்டையின் கே.இ.எம். ஆகிய மூன்றில் ஒன்றுக்கே வருகின்றனர். மூன்றும் புனே நிலையத்திலிருந்து எளிதில் சென்றடையக் கூடியவை. ஆதலின் நிலையத்தைச் சுற்றியும் சோமவார், ராஸ்தா பேட்டைகளிலும் அறை தேடுவது நன்று. வாடகையை மட்டும் கேட்டு முன்பணம் கொடுத்துவிடலாகாது. மாடிப்படி எத்தனை, மின்தூக்கி உண்டா, வெந்நீர் எந்நேரம் வரும், நோயாளிக்குக் கஞ்சி வைக்க இசைவார்களா என்று கேட்டல் வேண்டும். ஒரு விடுதியில் முன்பணம் பெற்றுக்கொண்டபின் மூன்றாம் மாடியைக் காட்டி, “இதுதான் காலி” என்று கைவிரித்ததையும் நாம் பார்த்ததுண்டு. ஆதார் அட்டையை வந்தவர் ஒவ்வொருவரும் கையில் வைத்திருக்க வேண்டும். ஓரிரவு மட்டும் தங்குவோர்க்குப் புனே சந்திப்பிலேயே இரயில்வே ஓய்வறைகள் உண்டு. பயணச்சீட்டின் எண்ணைக் கொண்டு முன்பதிவு செய்துகொள்ளலாம்.

கடைவீதி நடுவிலே தங்கவும், மராட்டியச் சமையலை உண்ணவும் விரும்புவோர்க்கு லட்சுமி சாலையில் உள்ள பூனா கெஸ்ட் ஹவுஸைச் சொல்வோம். ஊமைப்பட காலத்து இயக்குநர் நானாசாகேப் சர்போத்தார் 1935-ஆம் ஆண்டு தொடங்கியது அது. பளபளப்பை எதிர்பார்ப்போர் வேறிடம் பார்க்கட்டும்.

இளைஞர்கள் செய்தி வேறு. ஹிஞ்சவடியில் கணினி நிறுவனங்களில் வேலைக்குச் சேர வரும் பிள்ளைகள் முதலில் புனே நிலையத்தருகே அறை எடுத்துக்கொண்டு, நாள்தோறும் நெரிசலில் எதிர்த்திசையில் வருகின்றனர். காத்ரஜிலிருந்து வரும் புறவழிச் சாலை நம் தேஹு ரோட்டில் வந்து முடிகிறது. அச்சாலையை ஒட்டியே ஹிஞ்சவடி, வாகட் முதலிய இடங்கள். புனே நிலையத்தைவிட நாமே அவர்களுக்கு அண்மையில் இருக்கிறோம். இவர்கள் நம் வீட்டில் பத்து நாள் தங்கி, பின் தோழரோடு சேர்ந்து வீடு பார்த்துச் செல்வது எல்லார்க்கும் நலம். நம் பிள்ளைகளுக்கும் ஊர்த்தமிழ் காதில் விழும்.

எப்போது வருவது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் துகாராம் மகாராஜின் பல்லக்கு தேஹுவிலிருந்து பண்டரிபுரம் புறப்படும். அது ஆக்குர்டியில் தங்கிப் புனே நகருக்குள் செல்லும் நாள்களில் நம் நெடுஞ்சாலை முழுவதும் வாரகரி அடியவர்களின் வெள்ளம். தாளமும் தம்பூராவும் துளசி மாடமும் ஏந்தி அவர்கள் செல்வதைக் காண வருவோர் கண்டிப்பாக அப்போதே வரவேண்டும். பட்டுப்புடவை எடுக்க வருவோர் கண்டிப்பாக அப்போது வரலாகாது. விநாயகர் சதுர்த்திப் பத்து நாளும் அவ்வாறே. ஊர்வல நாளன்று லட்சுமி சாலையில் நடக்கவும் இடமிராது.

இனிக் கடைவீதிக்கு வருவோம். புனேயின் பழைய பகுதிகள் ‘பேட்’ என்று வழங்குகின்றன. நம் பேட்டையேதான். சோமவார், மங்கள்வார், புத்வார், குருவார், சுக்ரவார், சனிவார், ரவிவார் என்று வாரம் முழுவதற்கும் ஒவ்வொரு பேட்டை. “ரவிவார் பேட்டைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் போகணுமா அத்தை?” என்று ஊரிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் கேட்டது நம் வீட்டில் இன்றும் பேச்சாக உலவுகிறது. பேட்டைகளின் பெயரைவிட அவற்றின் கடிகாரத்தை அறிந்துகொள்வதே தேவை. பகல் 1 மணி முதல் 4 மணி வரை கடையடைத்து உண்டு உறங்குவது பழைய புனேக்காரரின் பிறப்புரிமை. இதனை வைத்து மராட்டியத்தில் வழங்கும் நகைச்சுவைக்கு அளவில்லை. பாகர்வடிக்குப் பெயர்பெற்ற சித்தளே பந்து கடையார் 2017-ஆம் ஆண்டில் இனி நண்பகலிலும் கடை திறந்திருக்கும் என்று அறிவித்தபோது அது நாளிதழ்ச் செய்தியாயிற்று என்றால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம். பாசறைப் பகுதியின் ஈஸ்ட் தெருவிலுள்ள கயானி பேக்கரி, 1955 முதல் இரானியர் நடத்திவரும் கடை. இங்கும் நண்பகலில் கதவு மூடியிருக்கும். ஷ்ரூஸ்பரி பிஸ்கோத்து வேண்டுவோர் முற்பகலிலேயே வரிசையில் நிற்பது நலம்.

நம் ஊர்க்காரர் வழக்கமோ இதற்கு நேர்மாறு. வீட்டில் பொறுமையாகச் சமைத்து உண்டு, பதினொன்றரை வண்டியைப் பிடித்து, சரியாக ஒரு மணிக்குக் கடைவீதியில் இறங்குவர். ஆதலின் வருவோர்க்கு நாம் சொல்வது: காலை எட்டு மணிக்கு முன் கிளம்புங்கள், நண்பகல் உணவை அங்கேயே உண்ணுங்கள், நான்கு மணிக்குமேல் மீதியை வாங்குங்கள்.

போக்குவரத்து முன்போல் இல்லை. மெட்ரோ இரயில் 2022-ஆம் ஆண்டு மார்ச்சு 6-ஆம் நாள் பிம்பிரியில் ஓடத் தொடங்கியது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் நிலத்தடி வழியே சுவார்கேட் வரை நீண்டது. தேஹு ரோட்டிலிருந்து மின்சார வண்டியில் பிம்பிரி சென்று, நெடுஞ்சாலைப் பக்கம் நடந்து, மாநகராட்சிக் கட்டடத்தருகே மெட்ரோவில் ஏறினால் ‘மண்டை’ நிலையத்தில் இறங்கலாம். இப்பெயரைக் கேட்டுச் சிரிக்காத தமிழர் இலர். ‘மண்டயி’ என்றால் மராட்டியத்தில் காய்கறிச் சந்தை. மகாத்மா புலேயின் பெயரைத் தாங்கிய இக்கற்கட்டடம் 1886-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கோபுரத்தைச் சுற்றி எண்கோணமாய் அமைந்த அதன் உள்ளே மேடைமீது காய்களைக் குவித்து அமர்ந்திருக்கும் மூதாட்டியரிடம் வாழைப்பூவும் சேம்பின் இலையும் கிடைக்கும். அவர்களை ‘மாவ்ஷி’ என்று அழைக்க வேண்டும். சிற்றன்னை என்று பொருள். இளம்பெண்ணாயின் ‘தாயி’. அது தமக்கையைக் குறிக்கும் சொல். நம் காதில் தாய் என்று விழுந்தாலும் பிழையில்லை. உறவு சொல்லி அழைத்தால் விலை சிறிது இறங்கும் என்பது நம் நெடுநாள் அனுபவம். “கிதீலா?” என்று கேட்டால் போதும், விலை சொல்வர்.

மண்டையிலிருந்து லட்சுமி சாலைக்குச் செல்லும் வழியில் துளசிபாக். நடுவில் பேஷ்வாக்கள் காலத்து இராமர் கோயில். சுற்றிலும் வளையல், பித்தளைப் பூசைப் பாத்திரம், குங்குமச் சிமிழ், சமையற் கருவிகள். இங்கே பேரம் பேசலாம். லட்சுமி சாலைப் பெரிய கடைகளில் பேரம் பேசினால் கடைக்காரர் நம்மை ஏறிட்டுப் பாராமலே துணியை மடித்துவிடுவார். புனேக்காரரின் இந்தச் சுருக்கத்தை அவமதிப்பாகக் கொள்ளலாகாது. விலை விலைதான், வேண்டுமாயின் வாங்கு, வேண்டாவிடில் வழிவிடு என்பது அவர் கொள்கை. தம் சொந்தத் தம்பியிடமும் அவர் அப்படித்தான் பேசுகிறார்.

ஊரிலிருந்து வரும் பெண்டிர்க்குப் பைத்தணிப் புடவைமேல் ஆசை மிகுதி. காஞ்சிபுரத்தை அறிந்த கண்ணுக்கு அதன் முந்தானை மயிலும் தாமரையும் புதுமையாய்த் தோன்றுவதில் வியப்பில்லை. 2010-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற நெசவு அது. கைத்தறியில் நெய்த உண்மைப் பைத்தணியின் முந்தானையைத் திருப்பிப் பார்த்தால் பின்புறமும் முன்புறம் போலவே நூல் தொங்காமல் சீராயிருக்கும். விசைத்தறியின் போலியில் பின்னே நூல்கள் அறுபட்டுக் கிடக்கும். இவ்வொன்றை அறிந்திருந்தால் பெருந்தொகை மிஞ்சும். பைத்தணி வாங்க இயலாதோர் இல்கல் பருத்திச் சேலையை எடுக்கலாம். ஒன்பது கசத்தில் ‘நௌவாரி’ என்று கிடைப்பதை மடிசாருக்கு வாங்கிச் செல்லும் மாமிகளை நாம் அறிவோம்.

கசபா பேட்டையில் தாம்பட் ஆளி என்றொரு சந்து இருக்கிறது. கன்னார் தெரு என்று நம் மொழியில் சொல்லலாம். தெருமுனையிலேயே சம்மட்டியின் ஓசை வரவேற்கும். செப்புத் தகட்டைச் சிறுசிறு குழிகளாய் அடித்து மினுக்கும் அக்கைவேலை வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை. குடிநீர்ச் செம்பு ஒன்று வாங்கி ஊருக்கு அனுப்பினால் தலைமுறைக்கும் நிற்கும். நம் பரிந்துரைகளில் இதுவே முதலாவது. ஆயினும் பத்துப் பேரில் ஒருவர்தான் கேட்டு நடக்கின்றனர். மற்றவர் பாகர்வடியோடு நிறைவடைகின்றனர்.

உணவைப் பற்றி ஒரு வழக்கைத் தீர்த்தாக வேண்டும். வந்திறங்கிய அன்றே “இட்டிலி நன்றாய் எங்கே கிடைக்கும்?” என்பர் பெரியவர்கள். பெர்குசன் கல்லூரிச் சாலையில் வைஷாலி உணவகத்தைச் சொல்வார் பலர். உடுப்பிப் பக்கத்திலிருந்து இளமையில் புனே வந்து அதனை வளர்த்த ஜகந்நாத் ஷெட்டி அவர்கள் 2023-ஆம் ஆண்டு மறைந்தார். மூன்று தலைமுறை மாணவர் அங்கே அமர்ந்து படித்துள்ளனர். அங்கும் சாம்பாரில் ஓர் இனிப்பு உண்டு. முகம் சுளிப்பதில் பயனில்லை. சாம்பாரே தஞ்சை மராட்டியர் அரண்மனையில் பிறந்ததாக ஒரு கதை வழங்குகிறது. சான்று காட்டுவார் இலர். எனினும் அக்கதையைச் சொல்லி நாம் சுளித்த முகங்களைச் சற்று நேராக்கியதுண்டு. வைஷாலிக்குச் சென்றால் எஸ்.பி.டி.பி. என்னும் தயிர்ப்பூரியை உண்க. இட்டிலியை வீட்டில் உண்க.

காப்பிப்பொடி, அப்பளம், வடகம், புழுங்கலரிசி ஆகியவற்றுக்கு ராஸ்தா பேட்டை உண்டு. தென்னிந்தியர் நெடுங்காலமாய் வாழும் பகுதி அது. நம் தலைமுறையில் சிலர் புனேயில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும் ராஸ்தா பேட்டைக்கு அப்பால் ஒரு கவளமும் உண்டதில்லை. இதனைக் கட்டுப்பாடு என்று அவர் சொல்வர். நமக்கு அது இழப்பாகவே படுகிறது. முளைப்பயறும் காரக் குழம்பும் மிக்சரும் கலந்த மிசள், பித்தளேயும் பாக்கரியும், தாலிப்பீட் ஆகிய எதிலும் நம் நாவுக்குப் பகை ஏதும் இல்லை. ஏகாதசிக்கு மராட்டிய வீடுகளில் சாபுதானா கிச்சடி செய்வர். அந்த ஜவ்வரிசி எங்கிருந்து வருகிறது? நம் சேலத்திலிருந்து. சேலத்தின் மரவள்ளிக்கிழங்கு மாவே பண்டரிநாதன் அடியவர்களின் விரதத்தை நடத்திக் கொடுக்கிறது. ஊரிலே பாயசத்துக்கும் வடகத்துக்கும் மட்டும் பயன்படுத்திய பொருளை, இங்கே நிலக்கடலைப் பொடியும் பச்சைமிளகாயும் சேர்த்து உண்ணும்போது சேலத்துக்காரர் ஒருவர் அடைந்த பெருமிதம் சொல்லில் அடங்காது.

அரிசியிலும் அதே கதைதான். இந்திராயணி என்னும் அரிசி நம் மாவல் வட்டாரத்துப் பயிர். நம் ஊரருகே ஓடும் ஆற்றின் பெயரையே தாங்கியது. வடித்தால் குழையும் என்று தமிழ் வீடுகளில் அதற்கு மதிப்பில்லை. ஊரிலிருந்து பொன்னி மூட்டை வருவதையே பெருமையாய்க் கொள்வர். குழைவது குற்றமாயின் வெண்பொங்கலும் தயிர்ச்சோறும் குற்றமுடையன ஆகவேண்டும். இவ்விரண்டுக்கும் இந்திராயணியை விஞ்சிய அரிசியை நாம் கண்டதில்லை. அதன் மணம் அடுத்த வீட்டுக்கும் செல்லும்.

வந்தவர் திரும்பும் நாளில் ஓய்விருந்தால் இரண்டு இடங்களைக் காட்டி அனுப்புவோம். ஒன்று இந்திராயணிக் கரையில் துகாராமின் தேஹு. மற்றொன்று நம் தேஹு ரோட்டுப் புத்த விகாரம். 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் தம் கையால் புத்தர் சிலையை நிறுவிய இடம். புனே நகரத்தார் பலர் அறியாத இச்செய்தியை நம் சிறுவர்கள் விருந்தினர்க்குச் சொல்வதைக் கேட்க இனிமையாயிருக்கும்.

ஊருக்குச் செல்லும் வண்டியோ சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல் என்று ஓர் இரவும் பகலும் ஓடும். வழிச்சோறு கட்டிக் கொடுக்காமல் அனுப்புவது நம் வழக்கமன்று. முதல்வேளைக்குப் புளிச்சோறு பொன்னியில். மறுவேளைக்கு, பாலை மிகுதியாய் ஊற்றிச் சிறிதே தயிர் உறையிட்ட சோறு, இந்திராயணியில். சென்ற முறை வந்த பெரியம்மா ஊர்போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில் அழைத்தார். பைத்தணியைப் பற்றியோ பிஸ்கோத்தைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. “தம்பி, அந்தத் தயிர்ச்சோறு என்ன அரிசிப்பா? அடுத்து யாராச்சும் வந்தா ஐந்து கிலோ குடுத்தனுப்பு” என்றார். பங்குனியில் மைத்துனர் வருகிறார். மூட்டை கட்டி வைத்திருக்கிறோம்.